கறுப்பு வெள்ளையில் ஒரு பாத்தி

நீல சால்வியாவும் காயிலார்டியாவும் இப்போது ஒன்றாகப் பூத்திருக்கின்றன. மேலே நீலக் கதிர்கள், அவற்றின் காலடியில் மஞ்சள் விளிம்பிட்ட சிவப்புத் தட்டுகள். நேரில் பார்க்க அமர்க்களம். கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் நீலமும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடுகின்றன. ஆனாலும் படம் சப்பென்று இல்லை. ஒன்று நிமிர்ந்த கதிர், மற்றது விரிந்த வட்டம்; வடிவ வேற்றுமை படத்தைத் தாங்கிக்கொள்கிறது.

பல்லாண்டுச் செடிகளைச் சேர்த்து நடும்போது இந்தச் சோதனையைத்தான் நம்புகிறேன். பெரும்பாலான செடிகளில் பூ சில வாரங்களுக்குத்தான். மீதிக் காலமெல்லாம் இலையையும் உருவத்தையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்வாழைக்குப் பக்கத்தில் சேம்பு வைத்த மூலை படத்தில் ஒரே கரும்பச்சைக் குவியல்: அகல இலைக்கு அகல இலை துணையாகாது. அதே கல்வாழைக்கு முன்னால் பென்னிசெட்டம் புல்லை நட்டதும் இரண்டுமே எடுப்பாகிவிட்டன. மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது புல்லின் கதிர்களில் உள்ள ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஒளிர்கிறது.

டேலில்லிதான் கொஞ்சம் இடக்குப் பண்ணியது. பூ இல்லாதபோது அதன் இலையும் புல்லைப் போலவே நீண்டு வளைவதால், இரண்டும் ஒரே புதராகத் தெரிந்தன. பூத்து முடிந்ததும் தூரைத் தோண்டிப் பிரித்து, இலைகளைச் சாண் உயரத்துக்கு வெட்டி, புல்லிடமிருந்து விலக்கி நட்டேன். சதைப்பற்றான வேர்கள் என்பதால் பிரித்ததைப் பொருட்படுத்தவே இல்லை. புதிய துளிர் வந்துவிட்டது. நட்ட இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கல்வாழை ஈரம் கேட்கும். காயிலார்டியா வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். இரண்டு பக்கத்தையும் சகித்துக்கொள்ளும் டேலில்லியை நடுவில் நிறுத்தியாயிற்று. அழகுப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் தண்ணீர்ப் பொருத்தம் பார்க்க வேண்டும்.

பயணங்களில் பிற தோட்டங்களையும் இப்படிப் பதிவு செய்யத்தான் சிறிய கேமரா தேடினேன். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கிறது. வேலி, குழாய், ஆட்கள் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறார்கள். செடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கித் தெரிய 70 முதல் 100 மி.மீ. வரையிலான குவியத்தூரம் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் பார்க்கும் கோணம் குறுகும்) தேவைப்படுகிறது. ரிக்கோ ஜிஆர் 3 சட்டைப்பையில் அடங்கும், அதில் ஒளியைப் படமாக்கும் சென்சார் ஏபிஎஸ்-சி என்னும் பெரிய வகை, படத்தரமும் அபாரம். ஆனால் 28 மி.மீ.க்கு இணையான ஒரே கோணம், ஜூம் கிடையாது. மனமில்லாமல்தான் தள்ளிவைத்தேன். 30 மடங்கு ஜூம் என்று ஆசைகாட்டும் பயணக் கேமராக்கள் பலவற்றில் இருப்பது 6.2 × 4.6 மி.மீ. சென்சார். நிழலில் எடுத்தால் இலை நரம்புகள் மெழுகிவிட்டதுபோல் குழைந்துபோகின்றன. 1 அங்குல வகை என்று பெயர்பெற்ற சென்சாரின் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஆகவே 24–200 மி.மீ. ஜூமும் 1 அங்குல சென்சாரும் கொண்ட சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் 7ஆம் மாடலில் வந்து நின்றேன். குறை இல்லாமல் இல்லை. முழு ஜூமில் லென்ஸின் ஒளித்துளை எஃப் 4.5 ஆகச் சுருங்குகிறது, உள்ளே வரும் வெளிச்சம் குறைகிறது. பூவுக்கு மிக அருகே போய்க் குவிக்க அகலக் கோணத்தில் மட்டுமே முடிகிறது. ஜூம் செய்தால் பின்வாங்க வேண்டியதுதான். கேமரா வாங்குபவர்கள் விவரப்பட்டியலில் உள்ள மிகக்குறைந்த தூரம் எந்தக் கோணத்துக்கு உரியது என்று பார்த்துவிடுவது நல்லது.

சிவப்பு இதழ்களுக்கு வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்து வைக்கிறேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). இல்லையென்றால் காயிலார்டியாவின் இதழ் மடிப்புகள் கரைந்து வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகின்றன. ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தகவலை அப்படியே, சேமித்தால் வண்ணமும் கையில் இருக்கும், கறுப்பு வெள்ளையும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, சேம்பு இருந்த மூலை. அங்கே மெல்லிய இலையும் நிமிர்ந்த கதிரும் உள்ள, ஈரம் தாங்கும் செடி ஒன்று வேண்டும். இன்னும் முடிவாகவில்லை.