புல்லு மிராசு

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாலத்தை ஒட்டிய டீக்கடையில்தான் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. தை பிறக்க மூன்று நாள் இருந்தது. பனி இன்னும் விலகவில்லை. "அமெரிக்காவுல டிராக்டர் வாங்கியிருக்கியாமே தம்பி" என்று மேலத்தெரு மாமா கேட்டார். நான் பெருமையாகக் கைப்பேசியை எடுத்து வீடியோவைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"எவ்வளவு நெலம்?"

"6.7 ஏக்கர் மாமா."

"அட, ஒரு வேலி! என்ன வெள்ளாமை?"

"புல்லு."

"மாட்டுக்கா? எத்தனை உருப்படி?"

"மாடு இல்ல. வெட்டி அப்படியே போட்டுடுவோம்."

மாமா டீயை ஒரு மடக்கு குடித்தார். பெஞ்சிலிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "ஒரு வேலி நெலத்துல புல்லு வளக்கிறான். அத வெட்ட டிராக்டர் வாங்கியிருக்கான். வெட்டுனதத் தின்ன ஒரு கன்னுக்குட்டி கெடையாது. புல்லு மிராசுடா நீ!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை தைக்கிற பையன்கூட "வாங்க மிராசு" என்றான்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. எங்களுக்கென்று ஊரில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அப்பா சாகுபடி செய்தது கோயில் நிலம், குத்தகைக்கு, 6 மா. ஒரு மா 33 சென்ட், 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. வேலிக்கணக்கில் நிலம் வைத்திருப்பவரைத்தான் ஊரில் மிராசு என்பார்கள். பென்சில்வேனியாவில் வீடு பார்க்கப் போனபோது தரகர் 6.7 ஏக்கர் என்றதும் மனசு தானாகவே மாக்கணக்கில் வகுத்துப் பார்த்துவிட்டது. அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து "ஒரு வேலிப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "தண்ணி எந்த வாய்க்கால்லேருந்து வருது?"

வாய்க்கால் இல்லை, மழைதான் என்றேன். "சரி, பாத்து வாங்கு" என்று வைத்துவிட்டார். தண்ணீர்ப் பாத்தியதை இல்லாத நிலத்தை அவர் நிலமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊர்ப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கம் புல் வரப்பில் முளைக்கும். அரிவாளை எடுத்துக்கொண்டு ஒருவர் போனால் கட்டாகத் திரும்பி வரும். நாற்றங்காலில் முளைத்தால் களை, பிடுங்கி எறிய வேண்டும். அங்கே அதுதான் மரியாதை. மே, ஜூனில் அது வளர்கிற வேகத்தில் ஒரு வாரம் விட்டால் கணுக்கால் மறையும். முதல் வருஷம் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மிகவும் பணிவாக, "உங்கள் இயந்திரம் பழுதாகிவிட்டதா, என்னுடையதைத் தரட்டுமா?" என்று கேட்டார். அந்தப் பணிவில் இருந்த செய்தி எனக்குப் புரிந்தது. அந்தக் கோடையிலேயே டிராக்டர் கடைக்குப் போனேன்.

கடைமுற்றத்தில் மகிந்திரா வண்டிகள் வரிசையாக நின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. கிட்டே போனால் எல்லாம் ஊர் வண்டிக்குப் பிறந்த பிள்ளைகள் மாதிரிச் சின்னதாக இருந்தன. நான் 45 குதிரைத்திறன் கேட்டேன். நமக்கு டிராக்டர் என்றால் அதுதானே. விற்பனைக்காரர் பதிலுக்கு, "என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?" என்றார். நம் ஊரில் டிராக்டரை யாரும் இப்படிக் கேட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. வண்டி வைத்திருப்பவருக்குச் சொல்லிவிட்டால் வருவார், மணிக்கணக்குப் பார்த்து உழுதுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

புல் வெட்ட வேண்டும், சரளைக்கல் பாதையைச் சமன்படுத்த வேண்டும், பனி தள்ள வேண்டும் என்று என் வேலைகளைச் சொன்னேன். அப்படியானால் 25 போதும் என்றார். சுமார் 25-க்கு மேல் போனால் அந்நாட்டுப் புகை விதிகள் இறுகிவிடும். அதனால் பெரும்பாலான வண்டிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று சேர்ந்துகொள்ளும், அதைப் பராமரிப்பது தனி வேலை. எஞ்சின் திறனைவிட வண்டியின் எடையையும் முன்னால் மண் அள்ளும் லோடர் எவ்வளவு தூக்கும் என்பதையும் பாருங்கள் என்றார். அது நல்ல யோசனைதான். கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்று அடுத்து கேட்டார். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பெடலை முன்னால் மிதித்தால் முன்னால் போகும், பின்னால் மிதித்தால் பின்னால் வரும். எஞ்சின் சக்தியில் கொஞ்சம் எண்ணெயிலேயே கரைந்துபோகும் என்பதால் நாளெல்லாம் உழுகிறவருக்குக் கியர்தான் சரி. லோடரை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருகிற என் மாதிரி ஆளுக்கு இது சுகம். கிளட்ச் மிதிக்காத டிராக்டர் என்று அப்பாவிடம் சொன்னேன். "அது டிராக்டரே இல்லடா" என்றார்.

டயரில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆழமான பட்டை போட்ட டயர் வேண்டும் என்றேன். அது புல்லைக் கிழித்துவிடும், கொஞ்சம் தட்டையானது வாங்குங்கள் என்றார் அவர். தொளியில் இறங்க நாம் இரும்புக் கூண்டு மாதிரியான கேஜ் வீல் மாட்டி, சேற்றைக் கலக்கு கலக்கென்று கலக்குகிறோம். இவர்கள் புல்லுக்கு வலிக்காமலிருக்க டயர் செய்கிறார்கள்.

பின்னால் மாட்டும் கருவிகளில் பெட்டி பிளேடு மட்டும் பார்த்த உடனே பழகியவன் போல இருந்தது. சேற்றைச் சமன்படுத்தும் நம் பரம்புப் பலகைக்கு மூன்று பக்கம் தகரம் கட்டி, உள்ளே கீறுகிற பற்கள் வைத்ததுதான் அது. சரளைப் பாதையில் இழுத்தால் மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் போடும். முதல்முறை அதை இழுத்த அன்று, தாளடிக்குப் பரம்படிக்கும்போது பலகையில் ஏறி நின்றுகொள்ளச் சொல்லி அப்பா கூப்பிடுவது ஞாபகம் வந்தது. என் எடைதான் அதற்குப் பாரம். பாதையின் முனையில் வண்டியைத் திருப்ப மறந்து தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டேன்.

புல்வெட்டியில் பேராசைப்பட்டேன். கருவியைச் சுழற்ற வண்டியின் பின்னால் இருக்கும் பின்தண்டில் வருகிற ஐந்து குதிரைத்திறனுக்கு ஓரடி அகலம் என்று ஒரு கணக்கு உண்டு. எஞ்சின் திறன் முழுதும் அங்கே வந்து சேராது என்பதால் என் வண்டிக்கு நாலடிதான். சீக்கிரம் முடியுமே என்று ஐந்தடி வாங்கினேன். அடர்ந்த இடத்தில் வண்டி திணறியது, ஒரு மரக்கட்டையில் பட்டு போல்ட் உடைந்தது. கையில் கிடைத்த கெட்டியான போல்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு அதையும் அப்பாவுக்குப் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில், டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி மண்ணைக் கிளறி உழுகிற எங்கள் ஊர் டிரைவர் அண்ணன் இருந்திருக்கிறார். போனை வாங்கி, "தம்பி, அந்த போல்ட்டு ஒடையறதுக்குத்தான் இருக்கு. அது ஒடையலேன்னா கியர்பாக்ஸ் ஒடையும். மொதல்ல கழட்டு" என்றார். பின்தண்டு அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி நிமிஷத்துக்கு 540 சுற்று. அதனால் அண்ணன் சொன்னது பென்சில்வேனியாவிலும் செல்லுபடியானது.

இன்னொரு நாள் லோடர் நிறைய ஈரச் சரளையை அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பக்கெட்டை உயரத் தூக்கி வைத்திருந்தது தப்பு. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. பெல்ட் போட்டிருந்தேன், தலைக்குப் பின்னால் இரும்பு வளைவும் நின்றது. ஆனாலும் கை நடுங்கியது. மெதுவாகப் பக்கெட்டைத் தரைக்கு இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து போன் செய்தேன். ஊரில் நள்ளிரவு. அப்பா திட்டவில்லை. "பின்னாடி ரோட்டவேட்டரத் தூக்குனா மூக்கு எழும்பக் கூடாதுன்னு இங்க வண்டிக்கு முன்னாடி வெயிட்டு மாட்டியிருப்பாங்கள்ல? ஒனக்கு முன்னாடிதான் பாரம். வெயிட்ட பின்னாடி மாட்டு" என்றார். சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு மேல் வண்டி வைத்திராத மனுஷன். அன்றிலிருந்து லோடர் வேலைக்குப் பெட்டி பிளேடைப் பின்னால் தொங்கவிடாமல் நான் போவதில்லை.

இப்போது பழகிவிட்டது. குளிர்காலத்தில் டீசல் உறையாமலிருக்க என்ன ஊற்றுவது, எந்த முனையில் எத்தனை தடவை கிரீஸ் அடிப்பது எல்லாம் கைவந்துவிட்டது. அங்கேதான் இனி என்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஜூன் 12 வந்தால், புல் வெட்டும்போதே வண்டியை நிறுத்திவிட்டு மேட்டூரில் திறந்துவிட்டார்களா, 120 அடியில் எத்தனை நிற்கிறது என்று போனைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரால் என் புல்லுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

லங்காஸ்டர் பக்கம் ஒருநாள் காரில் போகும்போது பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயி ஒருவர் கோவேறு கழுதைகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். டிராக்டரை வயலில் இறக்குவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. காரை ஓரங்கட்டிவிட்டு, அந்தக் கொழு மண்ணைப் புரட்டுகிற வாசனைக்காகக் கண்ணாடியை இறக்கினேன். "அப்பா, அழறியா?" என்றாள் மகள். தூசி என்றேன்.

அவளுக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. டிராக்டரில் பக்கத்தில் உட்கார விடமாட்டேன். அங்கே ஒரு வண்டிக்கு ஓர் ஆள்தான், மட்கார்டிலேயே குறுக்குக்கோடு போட்ட படம் ஒட்டியிருக்கும். அவள் வயதில் நான் உழவு வண்டியின் மட்கார்டில்தான் வளர்ந்தேன். சக்கரத்திலிருந்து சேறு முகத்தில் தெறிக்க, பின்னால் கொக்குக் கூட்டம் இறங்க, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. இந்த மாட்டுப் பொங்கலன்று டிரைவர் அண்ணன் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, நெட்டி மாலை போட்டு நிறுத்தியிருந்தார். "வா பாப்பா" என்று மட்கார்டைத் தட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். நிற்கிற வண்டியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள், ஓடும்போது வேண்டாம் என்றேன். எனக்கே என் குரல் அந்த ஊர்க் கையேடு மாதிரி இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அப்பாவோடு வயலுக்குப் போனேன். சம்பா அறுவடை முடிந்து பெல்ட் போட்ட அறுவடை வண்டியின் தடம் சேற்றில் அப்படியே காய்ந்திருந்தது. எதிர்வீட்டு மாட்டுக்காக அப்பா வரப்பில் குந்தி அறுத்துக்கொண்டே போனார். ஒரு பிடிகூட விடவில்லை.

"ஒங்க ஊர்ப் புல்ல மாடு திங்குமா?" என்றார் நிமிராமல்.

"நல்லாத் திங்கும்பா."

"பின்ன எதுக்குடா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு, வைக்கோல் புரியை முறுக்கிக் கட்டை இறுக்கினார். "சரி, தூக்கிவிடு" என்றார். தூக்கிவிட்டேன். தலையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.