சரி சார்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை குழுவுக்கு நான் அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்கவில்லை. புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறும் நாளுக்குப் பத்து நாள் இருந்தது. "திங்கள் முதல் இறுதிக்கட்ட வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்வார். எட்டு மாதமாக உழைத்தவருக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை. எல்லோரும் ஒத்துழைக்கவும்" என்று எழுதியிருந்தேன். அந்த எட்டு மாதமாக உழைத்தவர் ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டார்: "சரி சார்."

அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டிருப்பார் என்றுகூட நினைத்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

திங்கள் காலை என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"ராத்திரி ஒன்றரை மணிக்கு மெயில் போடுறீங்க. உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதான்..."

"களைப்பா இருந்தது உண்மைதான். ஆனா அது என் வேலை சார்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருடம் ஆகிவிட்டது. "அது என் வேலை" என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வை அப்போதுதான் படித்திருந்தேன். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். அவருடைய மணிக்கணக்கு 55ஐ எப்போதோ தாண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஒரு மேலாளர் சும்மா இருக்க முடியுமா?

முடியாதுதான். ஆனால் அந்தச் செய்தியில் நான் எழுதாத ஒன்றும் உண்டு. அதற்கு முந்தைய நாள் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: "அவர் திடீரென்று படுத்துவிட்டால் வேறு யாருக்கு இது தெரியும்?" யாருக்கும் தெரியாது. எட்டு மாதம் ஒரே ஆளை நம்பி வண்டியை ஓட்டியவன் நான். அந்தப் பயத்தைத்தான் அக்கறை என்ற உறையில் போட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். இப்படி எழுதினால் என்னையே கொஞ்சம் அதிகமாகத் திட்டிக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது. அக்கறையும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லத்தான் வரவில்லை.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த ஒரு கருத்து அப்புறம்தான் கண்ணில் பட்டது. அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவை வைத்து அவர் சொன்னது இது: வேலைச் சுமை மட்டும் ஆளை நசுக்குவதில்லை, சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் நெருக்கடி கூடுகிறது. அந்த எட்டு மாதமும் அவருக்குச் சுமை அதிகம். பிடியும் அவர் கையில்தான் இருந்தது. எந்தத் தரவு முதலில், எந்த ஒத்திகை எப்போது எல்லாம் அவர் முடிவு. நான் ஒரே செய்தியில் சுமையைக் குறைத்தேன், பிடியை முழுதாகப் பிடுங்கிக்கொண்டேன்.

சுமையையாவது குறைத்தேனா என்றால் அதுவும் இல்லை. வேலையை வாங்கிக்கொண்டவர் திறமைசாலிதான், ஆனால் பழைய கணக்குத் தலைப்புகளில் எது எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதெல்லாம் எட்டு மாதம் உழைத்த இவர் தலையில் இருந்தது. நாளுக்கு இருபது கேள்வி வந்தது. அத்தனைக்கும் இவர்தான் பதில் சொன்னார். தாமதமான வேலையில் புது ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள்காரர்கள் சொல்லும் ப்ரூக்ஸ் விதி 1975 முதல் இருக்கிறது. கூட்டங்களில் நானே அதை எடுத்துவிட்டவன். வேலையைக் கைமாற்றும்போது கேள்விகளையும் சேர்த்துக் கைமாற்ற வேண்டும், அதற்கு நாள் ஒதுக்க வேண்டும் என்று இப்போது புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். பத்து நாள் மட்டும் மீதி இருக்கும்போது அதற்கு நாள் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மாற்றம் நல்லபடியாக முடிந்தது. மேலிடத்திலிருந்து வந்த நன்றி மடலில் கடைசிப் பத்து நாள் பார்த்தவரின் பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. நான் எல்லோருக்கும் பதில் போட்டு இவர் பெயரைச் சேர்த்தேன். கட்டைவிரல் குறி ஒன்று வந்தது. நான்கு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'புதிய அனுபவம்' என்று எழுதியிருந்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

பணிச்சோர்வைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வரையறையில் மூன்று கூறுகள் உண்டு: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, தன்னால் திறம்படச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இதை ஒரு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே வகைப்படுத்துகிறார்கள். அவரிடம் நான் முதலாவதை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தேன். மற்ற இரண்டும் அந்த மருந்தால் வந்திருக்குமோ என்பதுதான் என் சந்தேகம்.

சரி, இனிமேல் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வது என்று முடிவெடுத்தேன். போன வருடம் இன்னொருவர் அதே மாதிரி நடு இரவில் மெயில் போட ஆரம்பித்தார். குழுவில் எதுவும் எழுதவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "எதை நான் எடுத்துக்கட்டும், எதை உங்ககிட்டயே விடட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றேன். "எதையும் எடுக்க வேண்டாம் சார், பார்த்துக்கிறேன்" என்றார். அவர் முடிவு அவர் கையில் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டேன், அதே பதில். ஆறாவது வாரம் மருத்துவ விடுப்பில் போனார். மூன்று வாரம் வரவில்லை.

திரும்பி வந்த அன்று மனசு கேட்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு நான் கேக்காமலே எடுத்திருக்கணுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எடுத்திருந்தா கோபப்பட்டிருப்பேன் சார்" என்றார். கதவு வரை போனவர் திரும்பி, "ஆனா எடுத்திருக்கலாம்" என்றார்.