மேட்டூர்க் குழாய், போர்க் குழாய்: தொட்டிச் செடிக்கான தண்ணீர்க் குறிப்புகள்

மார்ச் 9, 2025

சேலம், அஸ்தம்பட்டி. ஒரே வீட்டில் இரண்டு குழாய்: ஒன்றில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர், மற்றதில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர். இன்றைய அளவு (டிடிஎஸ் என்பது கரைந்த உப்பின் மொத்த அளவு, பிஎச் என்பது புளிப்பு-கார அளவு; டிடிஎஸ்ஸும் காரத்தன்மையும் லிட்டருக்கு மில்லிகிராமில்):

மேட்டூர்த் தண்ணீர்: டிடிஎஸ் 290, பிஎச் 8.1, காரத்தன்மை 125.
போர்: டிடிஎஸ் 780, பிஎச் 7.6, காரத்தன்மை 340.

பிஎச்சை மட்டும் பார்த்தால் போர் தண்ணீரே தேவலாம் என்று தோன்றும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுதான் அந்த எண்ணை இறக்கிக் காட்டுகிறது. வாளியில் ஒரு இரவு வைத்து மறுபடி அளந்தால் 8-ஐத் தாண்டும். தொட்டி மண்ணின் பிஎச்சை மாதக்கணக்கில் மெல்ல ஏற்றுவது காரத்தன்மை, அதாவது பைகார்பனேட். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். குண்டுமல்லி, இட்லிப்பூ, எலுமிச்சையில் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

மார்ச் 16

காரத்தன்மையை அளக்க ஆய்வகம் வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கேஎச் சொட்டு மருந்து போதும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும் சொட்டோடு நிறுத்தி, சொட்டு எண்ணிக்கையை (ஒரு சொட்டு ஒரு டிகிரி) 17.9-ஆல் பெருக்கினால் காரத்தன்மை. 10 மில்லி எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி, துல்லியம் கூடும். அப்படி எடுத்ததில் போர் தண்ணீருக்கு 38 சொட்டு, அதாவது 19 டிகிரி, 340.

பிஎச் பேனாவை 6.86, 4.01 கரைசல்களில் சரிபார்க்காமல் எடுத்த அளவை எழுதி வைப்பதே வீண். அதன் முனையை ஆர்ஓ தண்ணீரில் ஊறப் போடக்கூடாது, சீக்கிரம் செத்துவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்து வைக்கவும். டிடிஎஸ் பேனா உப்பை நேராக அளப்பதில்லை. மின்கடத்தலை அளந்து 0.5 அல்லது 0.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் இரண்டு பேனா ஒரே தண்ணீருக்கு வேறு வேறு எண் காட்டினால் பதற வேண்டாம்.

ஏப்ரல் 6

இன்று போர் தண்ணீரின் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்). மொத்தம் 520, அதில் கால்சியம் பங்கு 160. மீதி 360 மக்னீசியத்தின் பங்கு, 0.243-ஆல் பெருக்கினால் அசல் மக்னீசியம் லிட்டருக்கு 87 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு 30. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 100 வரை.

காரணம் ஊருக்கே தெரியும். ஏற்காடு போகும் வழியில் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட் என்ற மக்னீசியக் கனிமம். அந்தப் பாறைப் பகுதியில் ஊறும் நீரில் மக்னீசியம் தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை. இலை மஞ்சளானால் எப்சம் உப்பு போடு என்று கேட்டவரெல்லாம் சொல்வார்கள்; எப்சம் உப்பு என்பதே மக்னீசியம் சல்பேட். இந்தத் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அது எரிகிற அடுப்பில் எண்ணெய். இங்கே குறைவது கால்சியம். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிப்சம் மேல்மண்ணில் கிளறிவிடலாம். அது பிஎச்சை ஏற்றாது. முட்டை ஓடு கார மண்ணில் கரையவே கரையாது.

ஏப்ரல் 20

சிட்ரிக் ஆசிட், கடையில் கேட்டால் எலுமிச்சை உப்பு. போர் தண்ணீரின் காரத்தன்மை 340-ஐ 100-க்கு இறக்க, 10 லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிராம். கரைத்ததும் பொடிக் குமிழி வரும். ஒரு மணி நேரம் விட்டுத்தான் பிஎச் பார்க்க வேண்டும். உடனே பார்த்தால் குறைத்துக் காட்டும்.

ஆனால் இதை நிரந்தர வழியாக நம்ப முடியாது. மண்ணின் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்பிவிடும். இலைத்தெளிப்புக் கரைசலுக்கும், அடைத்துப்போன சொட்டுநீர் முனையைக் கழுவவும் சரி. தினசரிப் பாசனத்துக்கு மழைநீரோ மேட்டூர்த் தண்ணீரோ கலப்பதே மேல்.

மே 11

செடிக்கு வரக்கூடாத தண்ணீர் இரண்டு. ஒன்று, உப்பு போட்டு ஓடும் சாஃப்ட்னரைத் தாண்டி வருவது: கடினத்தன்மை பூஜ்யம், அதற்கு ஈடாக சோடியம். செடிக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிட வேண்டும். இரண்டு, ஆர்ஓ கழிவு: ஒரு பங்கு குடிநீருக்கு இரண்டு பங்கு வெளியேற்றும் மெஷினில் போர் தண்ணீரின் டிடிஎஸ் 780 ஏறக்குறைய 1,170 ஆகிவிடும். வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

மேட்டூர்த் தண்ணீரின் குளோரினால் செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை. சூடோமோனாஸ், ஜீவாமிர்தம் போன்ற நுண்ணுயிர்க் கலவைகள் கலக்கும் நாளில் மட்டும் முதல் நாள் இரவே திறந்த வாளியில் பிடித்து வைக்கவும்.

ஜூன் 22

மழைநீர்க் கணக்கு: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 10 சதுர மீட்டர், 20 மில்லிமீட்டர் என்றால் 200 லிட்டர். தூசியும் காக்கை எச்சமும் வரும் முதல் 20 லிட்டரை ஒதுக்கிவிட்டு மீதியைப் பிடிக்கவும். டிரம்முக்கு இறுக்கமான மூடி, வலை இரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

கலவை: போர் 1, மழை 2. காரத்தன்மை 113-க்கு வரும். மழை இல்லாத வாரத்தில் போரும் மேட்டூரும் சரிபாதி கலந்தால் 230 சொச்சம். செம்பருத்தி தாங்கும், இட்லிப்பூ தாங்காது.

ஏற்காட்டில் இந்தப் பாடமே தலைகீழ். அங்கே மழை அதிகம், தண்ணீர் மென்மை, மண் புளிப்பு. காப்பித் தோட்டத்தில் சுண்ணாம்பு இடுகிறார்கள். மலைமேல் நர்சரிக்காரர் சொல்லும் சுண்ணாம்பு யோசனையைக் கீழே கொண்டுவர வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

புது வெள்ளம் வரும் பருவத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கல் மாறும், காரத்தன்மையும் மாறும். மார்ச் மாத எண்ணை வைத்துக் கலக்காமல் மறுபடி சொட்டுச் சோதனை.

தொட்டியில் உப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க: வழக்கம்போல் நீரூற்றி ஒரு மணி நேரம் கழித்து 100 மில்லி ஆர்ஓ தண்ணீரை மேலே ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து டிடிஎஸ் அளக்கவும். உரம் போடாத நாளிலும் ஊற்றும் தண்ணீரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால், தொட்டியின் கொள்ளளவுக்கு இரட்டிப்பு மழைநீரை நிதானமாக ஊற்றி அலச வேண்டும்.

ஏற்கெனவே மஞ்சளான மல்லிக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), துளி எலுமிச்சை உப்பு சேர்த்து மாலையில் தெளிக்கவும். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை. மண்ணில் ஊற்றுவதானால், இரும்பைப் பிணைத்து வைத்த உரங்களில் இடிடிஏ வகை இந்த பிஎச்சில் நிற்காது, இடிடிஎச்ஏ என்று பார்த்து வாங்க வேண்டும். விலை கூட; கரைத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும்.