நான் பார்க்காத கோல்

தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி கடைசியாகக் கால்பந்துத் தங்கம் வென்ற ஆட்டத்தை நான் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 1995 டிசம்பர், மெட்ராஸ் நேரு ஸ்டேடியம், எதிரணி வங்கதேசம், முடிவு 1-0. அந்த ஒரே ஒரு கோலை மட்டும் நான் பார்க்கவில்லை. பள்ளி நாட்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நம் முன்னாள் மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டதும் முதலில் வந்து நின்றது அந்த நாள்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் சங்கத்தாரில் எந்த ஆண்டு படித்தவரைக் கேட்டாலும் பி.டி. சாரைத் தெரியும். அவர் விசிலைத் தெரியாதவர் இருந்தால் அவர் வேறு பள்ளியில் படித்திருக்க வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்தவர். இளவயதில் நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் இருந்தார். அந்தப் படைப்பிரிவின் அணி 1955-லும் 1958-லும் டியூராண்டு கால்பந்துக் கோப்பையை வென்றது. இரண்டாவது கோப்பை வந்தபோது சார் அங்கே சிப்பாய். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் போட்ட கேசரியின் ருசியை மாதம் ஒருமுறையாவது எங்களுக்குச் சொல்வார். இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜ் அங்கே சேர்ந்த புதிதில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர், பிறகுதான் கோல்கீப்பர் ஆனார் என்பதை எங்களில் முன்னே ஆட ஆசைப்பட்டு வந்த எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்னே நிறுத்திவிடுவார். நான் அப்படித்தான் இடப்பக்கத் தடுப்பு வீரன், அதாவது லெஃப்ட் பேக் ஆனேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுரைச் செல்லூர். அங்கே பிறந்தவன் கபடி ஆடாமல் பந்துக்குப் பின்னால் போனதில் என் தாத்தாவுக்குக் கடைசிவரை குறை. “காலால் உதைப்பதற்கு எதற்கடா மூச்சுப் பயிற்சி?” என்பார். தறி ஓசை கேட்கும் தெருவிலிருந்து இறங்கினால் வைகை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது ஆறு இல்லை, மைதானம்தான். கல்பாலத்துக்கும் ஏ.வி. பாலத்துக்கும் இடையே மணலில் நான்கு செருப்புகளை வைத்தால் இரண்டு கோல்போஸ்ட். மணலில் பந்து உருளாது, நின்றுவிடும். அதனால் தரையில் தள்ளிக் கொடுப்பது என்ற பழக்கமே எங்களுக்கு இல்லை. தூக்கி அடிப்பதுதான். பள்ளி மைதானத்தில் சார் முதலில் மாற்றியது அதைத்தான்.

பள்ளிக்கு மொத்தம் மூன்று பந்துகள். தையல் பிரிந்தால் சிம்மக்கல்லில் மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டு போவோம். அவர் நூலில் மெழுகைத் தேய்த்து, இரண்டு ஊசிகளை எதிரெதிராக ஒரே துளையில் விட்டு இழுப்பார். காற்றடிக்க சைக்கிள் கடை. பம்பு ஊசியை நாக்கில் நனைத்துவிட்டுத்தான் பந்துக்குள் விட வேண்டும், இல்லையென்றால் வால்வு கிழிந்துவிடும். எந்த நாக்கு எந்த ஊசியை நனைத்தது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

1993-ல் டாக்காவில் தெற்காசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் இந்தியா நேபாளத்திடம் பெனால்டியில் தோற்றது. இரண்டுக்கு இரண்டு சமனாகி, பெனால்டியில் 4-3. மறுநாள் சார் அணி முழுவதையும் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு இருபது பெனால்டி அடிக்க வைத்தார். தோற்றது இந்தியா, தண்டனை எங்களுக்கு. இரண்டு வருடம் கழித்து அடுத்த போட்டி மெட்ராஸில் என்று செய்தி வந்ததும் அவர் முகத்தில் ஒரு வேகம் வந்தது. டிசம்பர் 18 முதல் 27 வரை, எங்களுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வரும் சமயம். ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் பேசினார். என் அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, “கால்பந்து பார்க்க மெட்ராஸா?” என்று மட்டும் கேட்டார். அதற்குச் சார் சொன்ன பதில்: “பார்க்க இல்லை. படிக்க.”

பாண்டியன் எக்ஸ்பிரஸ் அப்போது மீட்டர் கேஜ் பாதையில்தான் ஓடியது. முன்பதிவில்லாத பெட்டி. நாங்கள் கழிவறைப் பக்கம் சாமான் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம், சார் கதவோரம் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். திண்டுக்கல் தாண்டியதும் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு 1962 ஜகார்த்தா கதை. ஆசிய விளையாட்டு, இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிடும் கூட்டம், லீக் ஆட்டத்தில் 0-2 என்று தோற்கடித்த தென்கொரியாவே இறுதியிலும் எதிரே. ஜர்னைல் சிங் பின்கள வீரர், தலையில் தையல். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னே ஃபார்வர்டாக ஆடவிட்டார். பி.கே. பானர்ஜி ஒன்று, தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒன்று, 2-1. கோலில் நின்றது நம் தங்கராஜ். இந்தக் கதையைச் சார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஓடும் ரயிலில், தூக்கத்தில் ஆளாளுக்குத் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டதுதான் என் காதில் இன்னும் இருக்கிறது.

காலையில் எழும்பூரில் இறங்கினோம். மெரினாவில் கால் நனைத்ததை எழுதப் போவதில்லை, மதுரைக்காரன் கடல் பார்த்த கதை எல்லோரிடமும் இருக்கிறது. ஸ்டேடியத்துக்குள் நுழைந்து காலரியில் உட்கார்ந்ததும் புல்லைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனோம். அவ்வளவு பச்சையாக ஒரு தரையில் செருப்போடு நடக்கவே மனம் வராது.

அப்போதுதான் சார் குண்டு போட்டார். ஆளுக்கு ஒரு ஆள். தொண்ணூறு நிமிடமும் அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும், பந்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் கோல்கீப்பர் நெட்டையனுக்கு வங்கதேசக் கோல்கீப்பர். எனக்கு வங்கதேசத்தின் லெஃப்ட் பேக். கடைசி ஆளுக்கு லைன்ஸ்மேன். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து கொடி பிடிப்பவனைப் பார்ப்பதா?

சொன்னதைச் செய்யும் சாதி நான். பார்த்தேன். முதல் பத்து நிமிடம் கொடுமையாக இருந்தது. சுற்றிலும் கூட்டம் எழுந்து கத்துகிறது, நானோ என் ஆள் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அவன் சும்மா நிற்கவில்லை என்பது தெரிந்தது. பந்து எதிர்ப்பக்கம் போனால் நான்கைந்து எட்டு உள்ளே நகர்வான், திரும்பினால் வெளியே. அவனுக்கும் நடுவில் நின்ற இன்னொருவனுக்கும் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது போல இருந்தது. பந்து தன்னிடம் வருவதற்கு முன் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொள்வான். ஒருமுறைகூட விடவில்லை. வைகை மணலில் நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவன் இல்லை. பின்னால் யார் வருகிறான் என்பது எனக்கு முதுகில் விழும் இடியால்தான் தெரியும்.

திடீரென்று காலரி அதிர்ந்தது. யாரோ என் தலையில் கையை வைத்து ஏறினார்கள். என் ஆள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துத் தரையைப் பார்த்தான். பிறகு சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். கோல் விழுந்துவிட்டது என்று எனக்கு அப்படித்தான் தெரியும்.

மறுநாள் வைகை எக்ஸ்பிரஸில் திரும்பினோம். பகல் வண்டி, அதனால் விசாரணையும் பகலிலேயே நடந்தது. ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் தோள்பட்டைக் கதையைச் சொன்னேன். சார் “ம்” என்றார். அவரிடம் “ம்” வாங்குவது பெரிய விஷயம். லைன்ஸ்மேனைப் பார்த்தவன்தான் அன்று கதாநாயகன். கொடி பிடிப்பவர் பந்தோடு ஓடவில்லை, கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பார்த்தால் கடைசியாக நிற்கும் தடுப்பு வீரருக்கு நேராகவே ஏறி இறங்குகிறார் என்று அவன் சொன்னபோதுதான் எங்களில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு புரிந்தது. இன்று அவன் திருமங்கலத்தில் மோட்டார் உதிரிபாகம் விற்கிறான்.

கோலை முழுசாகச் சொன்னவன் நெட்டையன் ஒருவனே. பந்து எப்படி வந்தது, கீப்பர் எந்தக் காலை முன்னே வைத்தார், விரல் நுனிக்கும் பந்துக்கும் எத்தனை அங்குலம் இடைவெளி என்று விழுப்புரத்தில் தொடங்கித் திருச்சிவரை சொன்னான். அந்தக் கதையைத்தான் நான் இத்தனை வருடமும் என் கண்ணால் கண்டது போலச் சொல்லி வருகிறேன். 2015-ல் இங்கே சிங்கப்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டின் கால்பந்து இறுதிப் போட்டியைக் காலாங்கில் பார்த்தேன். தாய்லாந்து மியன்மாரை 3-0 என்று வென்றது. மூன்று கோலையும் பார்த்துவிட்டேன், இன்று ஒன்றுகூட நினைவில்லை. பக்கத்தில் இருந்த நண்பர்களிடம் அன்றும் நெட்டையனின் கோலைத்தான் விவரித்துக்கொண்டிருந்தேன்.

2016 சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திருநகரில் சாரைப் பார்த்தேன். அந்தப் பிப்ரவரியில்தான் குவாஹாட்டியில் இந்தியா மறுபடியும் இறுதியில் நேபாளத்திடம் 2-1 என்று தோற்றிருந்தது. அதைப் பற்றிச் சார் பேசியதை மலரில் போட முடியாது. 1985 டாக்கா, 1987 கல்கத்தா, 1995 மெட்ராஸ் என்று தங்கங்களை எண்ணி மூன்று விரல்களை மடக்கிக் காட்டிவிட்டு அப்படியே வைத்திருந்தார். நான்காவது விரல் நீட்டியபடியே நின்றது.

“சார், அன்றைக்கு அந்தக் கோல் எப்படி விழுந்தது? நீங்களாவது சொல்லுங்கள்” என்றேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? கூட்டம் எழுந்ததும் நீங்கள் ஏழு பேரும் இருக்கிறீர்களா என்று எண்ணினேன். அவனவன் பெற்றோருக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.”

“ஏழு பேரும் இருந்தோமே சார்.”

“ஆறு பேர்தான் இருந்தீர்கள். நெட்டையன் சுண்டல் வாங்கப் போயிருந்தான்.”