கண்டக்டிங் படிக்க ஆகும் செலவு: எதைக் கணக்கில் வைக்க வேண்டும்

கண்டக்டிங், அதாவது வாத்தியக் குழுவையோ பாடகர் குழுவையோ முன்னின்று கையசைத்து நடத்தும் கலை, படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் தேடுவது கட்டணம் குறைந்த கல்லூரியைத்தான். இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வேறு வழியும் கிடையாது. ஆனாலும் கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் உறுதியான எண்ணம்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஒரு வாத்தியக் குழுவின் முன்னாலோ பாடகர் குழுவின் முன்னாலோ மாணவரை நிற்க விடுவார்கள்? பியானோ படிப்பவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யலாம். கண்டக்டருக்கு வாத்தியமே மனிதர்கள்தான். அவர்களைக் கூட்டித் தருவதற்காகத்தான் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறோம்.

ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் (மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில்) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, நம் மதிப்பில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பணம் மாதாமாதம் நமக்கே திரும்பி வரும் என்றாலும், முதலில் அதைப் புரட்டியாக வேண்டுமே. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியும் யேல் பல்கலைக்கழக இசைப் பள்ளியும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இடங்களோ மிக மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பாடகர் குழு நடத்துவதில் ஹங்கேரிய இசையமைப்பாளர் கொடாய் வளர்த்த மரபு உள்ள நாடு அது.

கட்டணம் குறைந்த இடங்களில் நுழைவுத் தேர்வு கடுமையாக இருக்கும். பியானோ வாசிக்க வேண்டும். கேட்ட சுரக்கூட்டத்தை அடையாளம் சொல்ல வேண்டும். பல வரிகள் கொண்ட இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பியானோவில் சுருக்கி வாசிக்க வேண்டும். பி பிளாட் கிளாரினெட்டுக்கு ஸி என்ற சுரம் எழுதியிருந்தால் ஒலிப்பது பி பிளாட் என்பது அந்த நேரத்தில் யோசிக்காமலே விரலுக்கு வர வேண்டும். இதையெல்லாம் யூரோ கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. சென்னையிலேயே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்குப் பியானோவும் தியரியும் படிக்கலாம், நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கலாம். வேறு பாடத்தில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டே இவற்றை முடிப்பவர்களுக்குச் செலவு குறையும்.

குழு முன் நிற்கும் அனுபவத்தை நம் பகுதி ஆலயப் பாடகர் குழுக்களே தருகின்றன. அண்மையில் ஒரு பயிற்சியில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடும் தங்கை ஒருத்தியை நடத்தச் சொன்னேன். முதல் தட்டைச் சரியாகப் போட்டாள்; அதற்கு முந்தைய கையசைவில் மூச்சு இல்லை, அதனால் டெனர்கள் (ஆண்களின் உயர்ந்த குரல் பாடுபவர்கள்) ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். கையை உயர்த்தும்போதே நீயும் மூச்சை இழு என்றேன். மறுமுறை நான்கு குரல்களும் ஒன்றாக எழுந்தன; அவள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் மனம் நிறைந்தது. 1954இல் வியன்னாவுக்குப் போய் கண்டக்டிங் ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்த புகழ்பெற்ற கண்டக்டர் சுபின் மேத்தாவும், தந்தை மெஹ்லி மேத்தா தொடங்கிய பம்பாய் சிம்பொனி இசைக்குழுவின் நடுவே வளர்ந்தவர்தான்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதி, குழு முன் நிற்கும் நேரம் முதலாண்டிலிருந்தே கிடைக்குமா, மேல் வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமா என்று கேளுங்கள். குழுவுக்குப் பதிலாக இரண்டு பியானோக்களை வைத்தே பெரும்பகுதி வகுப்பு நடக்கும் இடங்களும் உண்டு. அது தவறில்லை, ஆனால் தெரிந்து சேர வேண்டும். முதல் சுற்றுக்குப் பல கல்லூரிகள் காணொளி கேட்கின்றன. அதை எடுக்கும்போது கைப்பேசியைப் பாடகர்களின் பின்னால் வையுங்கள். தேர்வாளர்கள் பார்க்க விரும்புவது உங்கள் முகத்தையும் கைகளையும்தான்.