கொலைகாரன் நடுவிலேயே சிக்கிவிட்டான், மீதி நாவல் எதற்கு? 'தி டெட் ஸோன்' பற்றி வாசகர்கள் சொல்வது

ஸ்டீபன் கிங் எழுதிய 'தி டெட் ஸோன்' 1979 ஆகஸ்டில் வெளிவந்தது. தொட்டாலே எல்லாம் தெரிந்துவிடும் சக்தி கொண்ட ஒருவன் தொடர் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற கதை என்று கேள்விப்பட்டுத்தான் பலரும் எடுக்கிறார்கள். முடித்த பிறகு அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: "கொலை வழக்கு நடுவிலேயே முடிந்துபோகிறது. அப்புறம் தேர்தல், அரசியல்வாதி, துப்பாக்கி என்று வேறு கதை ஓடுகிறது. இரண்டு நாவல்களை ஒன்றாகத் தைத்த மாதிரி இருக்கிறது."

இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. கொலை வழக்கு இல்லாவிட்டால் இரண்டாம் பாதியை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கையை கிங் எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார் என்று பார்த்தால் தையலே கண்ணுக்குத் தெரியாது. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஜானி ஸ்மித் மெய்ன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர். 1970 அக்டோபர் இறுதியில் காதலி சாராவோடு திருவிழாவுக்குப் போகிறான். அங்கே சூதாட்டச் சக்கரத்தில் ஐநூறு டாலருக்கு மேல் ஜெயித்துவிட்டு, அன்றிரவே கார் விபத்தில் சிக்குகிறான். நாலரை ஆண்டுகள் கோமா. 1975 மே மாதம் கண் விழிக்கும்போது சாரா வேறொருவரின் மனைவி, ஒரு குழந்தைக்குத் தாய். அவன் கைக்கோ புதிதாக ஒரு பார்வை வந்திருக்கிறது.

அமானுஷ்யத் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். சக்தி முழுமையாக இருந்தால் கொலைகாரனின் முகம் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். கதாசிரியர் தனக்கு வசதியான நேரத்தில் மட்டும் அதை மறைத்தால் வாசகர் ஏமாற்று என்று புத்தகத்தை மூடிவிடுவார். கிங் மூன்று கட்டுப்பாடுகளை ஆரம்பத்திலேயே விதித்துவிட்டு, பிறகு மீறாமல் போகிறார். பார்வை வர ஆளையோ பொருளையோ தொட்டாக வேண்டும். வேண்டும் என்று நினைத்தால் வராது. வந்தாலும் சில விவரங்கள், குறிப்பாகத் தெருப்பெயர், எண் போன்றவை, விபத்தில் அழிந்த மூளைப்பகுதிக்குள் விழுந்து காணாமல் போய்விடும். தலைப்பு குறிப்பது அந்தப் பகுதியைத்தான்.

மருத்துவமனை அத்தியாயங்கள் மெதுவாகப் போகின்றன என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இது. முதலில் நர்ஸ் ஒருத்தியின் மகனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடி முடியும் என்கிறான். பிறகு டாக்டர் சாம் வைஸாக். போரில் இறந்துவிட்டதாக அவர் நினைத்திருந்த தாய் கலிஃபோர்னியாவில் உயிரோடு இருக்கிறாள் என்கிறான். தெருப்பெயர் மட்டும் பிடிபடவில்லை. வைஸாக் தொலைபேசியில் தேடிப்பிடிக்கிறார், மறுமுனையில் குரல் கேட்கிறது. சாரா தேனிலவில் தொலைத்த மோதிரம் எங்கே கிடக்கிறது என்கிறான், அங்கேயே இருக்கிறது. பயிற்சி கொடுக்க வரும் ஐலீனிடம் உன் வீட்டு அடுப்படி எரிகிறது என்கிறான். தீயணைப்பு வண்டி போகிறது, உண்மைதான். சாரா தேனிலவில் தொலைத்த மோதிரம் எங்கே கிடக்கிறது என்கிறான், அங்கேயே இருக்கிறது. நிருபர் ஒருவர் சவால் விட்டு, இறந்துபோன சகோதரியின் பதக்கத்தைக் கையில் கொடுக்கிறார். அவன் சொல்லச் சொல்ல அவர் நொறுங்கிப்போகிறார்.

இவை எல்லாவற்றிலும் இன்னொருவர் போய்ச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தொலைபேசி, தீயணைப்புத் துறை, பெட்டிக்குள் மோதிரம். இப்படி ஐந்தாறு தடவை வெளியிலிருந்து உறுதியான பிறகுதான் கேஸில் ராக் என்ற ஊரின் ஷெரிஃப் ஜார்ஜ் பேனர்மன், கொலை வழக்கில் உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார்.

கேஸில் ராக் கொலைகள் 1970இல் தொடங்கி 1975 டிசம்பர் வரை நீள்பவை. கடைசியாகப் பலியானவள் சின்னஞ்சிறு பள்ளிக்கூடப் பெண். நகர மைதானத்துப் பனியில் நின்று ஜானி அறிந்துகொள்வது பேனர்மனால் தாங்க முடியாத பெயர்: அவர் பிள்ளை மாதிரி நினைத்த துணை அதிகாரி ஃப்ராங்க் டாட். வாசகர்களில் ஒரு சாரார் இங்கே கேட்பது நியாயமான கேள்வி. "போலீஸ் நிஜமாகவே இப்படி ஓர் ஆளைக் கூப்பிடுமா? அவன் சொன்னால் கைது செய்துவிடுவார்களா?"

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், கூப்பிட்டிருக்கிறார்கள். பாஸ்டன் கழுத்து நெரிப்புக் கொலைகளில் 1964இல் பீட்டர் ஹர்கோஸ் என்ற டச்சுக்காரர் வரவழைக்கப்பட்டார். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு தனக்குச் சக்தி வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். ஜானியின் கோமாவோடு ஒப்பிட்டால் கிங் எந்த மண்ணிலிருந்து இதை எடுத்தார் என்று புரியும். நாவலுக்குள்ளேயே ஹர்கோஸின் பெயர் வருகிறது. ஆனால் நிஜத்தில் ஹர்கோஸ் சுட்டிக்காட்டியது ஒரு செருப்பு வியாபாரியை. பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆல்பர்ட் டிசால்வோ. கடைசிக் கொலையில் அவருக்கு இருந்த தொடர்பு 2013இல் டிஎன்ஏ சோதனையில் உறுதியானது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், முடியாது. அமெரிக்கச் சட்டப்படி வீட்டைச் சோதனை போடவோ கைது வாரண்ட் வாங்கவோ நீதிபதியிடம் நம்பத்தகுந்த காரணம் காட்ட வேண்டும். பனியில் கை வைத்தபோது தெரிந்தது என்று எழுதிக் கொடுத்தால் எந்த நீதிபதியும் கையெழுத்துப் போட மாட்டார். கிங் இந்தச் சிக்கலைத் தெரிந்தே தாண்டுகிறார். ஜானியும் பேனர்மனும் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் டாட் ஒப்புதல் எழுதிவைத்துத் தற்கொலை செய்துகொள்கிறான். அவன் தாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அவசரமாக முடித்துவிட்டார்" என்று பலர் குறைப்படும் காட்சி இது. ஆனால் டாட் உயிரோடு இருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், ஜானியின் சொல் அங்கே உடைந்து விழுந்திருக்கும். ஒப்புதல் இருப்பதால்தான் பார்வை சரி என்பது ஊர் அறிந்த உண்மையாகிறது. அதற்கான விலையும் உடனே வருகிறது. சர்ச்சைக்குரிய ஆள் என்று சொல்லி அவனுக்குத் தருவதாக இருந்த ஆசிரியர் வேலையை மறுத்துவிடுகிறார்கள்.

இனி அந்தக் கைகுலுக்கல். 1976 ஆகஸ்ட், நியூ ஹாம்ப்ஷயர். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் (பிரைமரி) முதலில் நடக்கும் மாநிலம் என்பதால் அங்கே அரசியல்வாதிகளின் கையைப் பிடிப்பது எளிது. ஜிம்மி கார்ட்டரின் கையைக்கூட ஜானி குலுக்கியிருக்கிறான். அதே வழக்கத்தில் கிரெக் ஸ்டில்சனின் கையைத் தொடுகிறான். கட்டடத் தொழிலாளர் தலைக்கவசம் அணிந்து கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற, மோட்டார் சைக்கிள் ரவுடிகளைப் பாதுகாப்புக்கு வைத்திருக்கிற வேட்பாளர். ஜானிக்குத் தெரிவது அவர் அதிபராகப் பதவியேற்பது. அதற்குப் பின்னால் இருக்கும் பேரழிவு நீலத் திரையாலும் புலிக்கோடுகளாலும் மறைந்து மறைந்துதான் தெரிகிறது.

முன்பு வந்த பார்வைகளோடு இதை வைத்துப் பாருங்கள். தொலைபேசி செய்து சரிபார்க்க முடியாது. ஒப்புதல் கடிதம் கிடைக்காது. நடந்த பிறகு சரிபார்க்க யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். பார்வையும் இதுவரை வந்ததிலேயே மங்கலானது. நாவலின் முழுப் பயமும் இந்த இடத்தில் இருக்கிறது என்பேன். தன் சக்தியை நம்பலாம் என்று உலகமே நிரூபித்துக் கொடுத்த பிறகு, நிரூபிக்கவே முடியாத ஒன்றை அது காட்டுகிறது.

ஓட்டை ஒன்று மிச்சமிருக்கிறது. வருங்காலத்தை மாற்ற முடியுமா என்று ஜானிக்குத் தெரியாது. அதற்காகத்தான் 1977 ஜூனில் அந்த உணவகத் தீ. அவன் பாடம் சொல்லிக்கொடுத்த சக் சாட்ஸ்வொர்த்தின் பள்ளி முடிப்பு விருந்து நடக்கப்போகும் இடத்தில் மின்னல் விழும் என்று எச்சரிக்கிறான். சிலர் கேட்டு வீட்டிலேயே தங்குகிறார்கள், பிழைக்கிறார்கள். மற்றவர்கள் போகிறார்கள், எரிந்து சாகிறார்கள். மாற்ற முடியும் என்பதும், பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதும் ஒரே இரவில் தெரிந்துவிடுகிறது. இதற்கு வெகு முன்னால் இடிதாங்கி விற்பவர் ஒருவர் அந்த உணவகத்துக்கு வந்து, முதலாளி வேண்டாம் என்று அனுப்பிவிடும் ஒரு காட்சி இருக்கிறது. தேவையில்லாத பக்கங்கள் என்று இதைக் குறிப்பிடும் விமர்சனங்கள் உண்டு. என் பார்வையில் நாவலிலேயே மிகக் கச்சிதமாக வைக்கப்பட்ட காட்சி அதுதான். எந்தச் சக்தியும் இல்லாத சாதாரண விற்பனையாளரும் அதே எச்சரிக்கையைத்தான் தருகிறார்.

வாசகர்கள் சொல்லும் குறைகளில் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுவது வேறொன்று. நாவலின் தொடக்கத்தில், 1955இல், பைபிள் விற்கப் போகும் இளம் ஸ்டில்சன் பண்ணை வீட்டு நாய் ஒன்றை உதைத்தே கொல்கிறான். அந்தக் காட்சியோடு புத்தகத்தை வைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். கொடூரத்தைவிட, அது கேள்வியைச் சுலபமாக்கிவிடுகிறது என்பதே என் கவலை. ஹிட்லரை முன்கூட்டியே கொல்லலாமா என்று ஜானி ஆள் ஆளாகக் கேட்டு அல்லாடுகிறான். வாசகருக்கோ ஸ்டில்சன் எப்படிப்பட்டவன் என்று நாயின் பிணத்தோடு சேர்த்து முன்பே காட்டப்பட்டுவிட்டது. ஜானியின் சந்தேகத்தை நாம் முழுதாகச் சுமப்பதில்லை.

அதே காட்சியை எடுத்துவிட்டால் முடிவு நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். 1979 ஜனவரியில் ஸ்டில்சனைக் கொல்ல ஜானி துப்பாக்கியோடு மாடத்தில் நிற்கிறான். குறி தவறுகிறது. ஸ்டில்சன் பக்கத்திலிருந்த சின்னக் குழந்தையைத் தூக்கித் தன் முன்னால் கேடயமாகப் பிடிக்கிறான். ஒருவர் அதைப் படம் எடுத்துவிடுகிறார், அவன் அரசியல் வாழ்வு முடிகிறது. "ரொம்ப வசதியான தற்செயல்" என்று இதைச் சொல்கிறவர்கள் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். யாரும் பார்க்காத பண்ணையில் செய்ததையே இப்போது கேமராவுக்கு முன் செய்கிறான். குணம் முன்பே காட்டப்பட்டதால்தான் இது தற்செயலாகப் படவில்லை.

குண்டடிபட்டு விழுந்த ஜானி கடைசியாக ஸ்டில்சனைத் தொட்டுப் பார்க்கிறான். எல்லாம் மாறிவிட்டது என்று தெரிகிறது. அந்த உறுதியும் அவன் கைக்கு மட்டுமே கிடைக்கிறது. தொடர்ந்து வரும் விசாரணைக் குழுப் பக்கங்களில் அவனுக்கு மூளையில் கட்டி இருந்தது வெளிவருகிறது. அதனால் வந்த மாயக்காட்சியாக இருக்கலாம் என்ற விளக்கமும் மேசையில் வைக்கப்படுகிறது. பரபரப்பு ஓய்ந்த பிறகு இவ்வளவு ஆவணம் எதற்கு என்று அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். சரிபார்க்க முடியாத பார்வை வெளியுலகுக்கு எப்படித் தோன்றும் என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்களுக்கு ஏமாற்றம் வர இங்கே ஒரு காரணம் இருக்கிறது. டேவிட் க்ரோனென்பெர்க் 1983இல் எடுத்த படத்தில், கிறிஸ்டோஃபர் வாக்கன் நடித்த ஜானிக்கு அணு ஏவுகணைக் காட்சி பளிச்சென்று தெரிகிறது. பார்வையில் இருக்கும் வெற்றிடம் வருங்காலத்தை மாற்றலாம் என்பதற்கான அடையாளமாகிவிடுகிறது. குழந்தையும் சாராவுடையது. 103 நிமிடத்துக்குள் சொல்ல இவை நல்ல முடிவுகள், வாக்கனின் நடிப்பும் அருமை. ஆனால் நாவல் கட்டிய சந்தேகம் அதில் கிட்டத்தட்ட இல்லை. நாவலில் குழந்தை யாரோ ஒருவருடையது, பார்வையும் மங்கல்.

ஜானியின் தாய் வேராவின் மதவெறிப் பக்கங்கள் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் குறைத்திருக்கலாம். சாராவோடு வரும் பகுதிகளை நீளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசிக்கும் வரிசை பற்றி ஒன்று. 1981இல் வந்த 'கூஜோ' இதே கேஸில் ராக்கில் நடக்கிறது. அதன் ஆரம்பப் பக்கங்களிலேயே ஃப்ராங்க் டாட் யார் என்று போட்டு உடைத்துவிடுகிறார் கிங். ஷெரிஃப் பேனர்மனின் கதையும் அங்கேதான் முடிகிறது. இரண்டும் கையில் இருந்தால் 'டெட் ஸோன்' முதலில்.