கேள்விகளை எண்ணிய வருடங்கள்

நாடாளுமன்றத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், "எப்போ எலெக்‌ஷன்ல நிக்கப் போறே?" என்பார்கள் சொந்தக்காரர்கள். நான் செய்ததெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து, எம்.பி.க்கள் அவையில் கேட்ட கேள்விகளை எண்ணியதுதான்.

ஏன் கேள்விகள்? அமெரிக்காவில் யார் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். இங்கே 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபின், எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சொல்லும் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். போதாததற்குப் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் 'ஆம்' என்றார் என்பதற்குப் பதிவே கிடையாது. கொறடாவின் கை அவ்வளவாக எட்டாத இடம் கேள்விகள்தான். மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும் (நேரம் போய்விடுவதால் பாதிகூட வாய்க்கு வராது), மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். ஓர் உறுப்பினர் ரயிலைப் பற்றி அதிகம் கேட்டால் 'ரயில்வேயில் ஆர்வம்' என்று எழுதிவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் பட்டமும் வாங்கினேன்.

அப்புறம் ஒரு கோடையில், தென்மாவட்ட எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் பத்து நாள் உட்கார இடம் கிடைத்தது. காலை எட்டரைக்கே வாசல் நிறைந்துவிடும். ரயிலில் அவசர ஒதுக்கீட்டுக்குக் கடிதம், ஆபரேஷனுக்குப் பிரதமர் நிவாரண நிதி கேட்டுக் கடிதம், கேந்திரிய வித்யாலயா சீட். அந்த சீட் ஒதுக்கீடு 2022-இல் போய்விட்டது, அப்போது எம்.பி. ஒருவருக்கு வருடம் 10. கேட்டு வருகிறவர்களுக்கோ கணக்கில்லை.

நாலாம் நாள் உதவியாளர் கேட்டார்: "சார், நீங்க கேள்வியத்தானே எண்ணுறீங்க? அத டைப் பண்றதே நான்தான்."

ஒரு ஃபைலைப் பிரித்தார். டீக்கறை படிந்த மனு. காலை பாசஞ்சரில் பூக்கூடை ஏற்றுகிறவர்கள் எழுதியது. தங்கள் ஊரில் வண்டி நிற்பதில்லை என்று. கீழே கையெழுத்துகள், பாதி கைநாட்டு. அது கேள்வியானபோது ஊர் பெயர் உதிர்ந்து, 'சிறு நிலையங்களில் ரயில் நிறுத்தங்கள் ரத்து செய்யப்பட்டுள்ளனவா? ஆமெனில், அதன் விவரம் என்ன?' என்று ஆகியிருந்தது. அன்றிரவு என் அட்டவணையில் தேடினேன். இருந்தது. வகை: ரயில்வே, பொது.

மறுநாள் கேட்டேன், வண்டி நின்றதா என்று.

"எங்க சார்! 'சாத்தியத்தைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்'னு பதில் வந்துச்சு. அத ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தோம். லேமினேட் பண்ணி பூக்கடையில மாட்டி வெச்சிருக்காங்க."